கை உயர்த்தியவர்களை எண்ணலாமா?

கேள்வி: நான் சம்பூரில் பிறந்தவள். 2006 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்த ஓட்டத்தில் அண்ணாவை இழந்தோம். மட்டக்களப்பில் ஒரு பாடசாலை வகுப்பறையில் நான்கு குடும்பங்களாக இருந்துவிட்டு, பிறகு கிளிவெட்டி முகாமில் வளர்ந்தேன். அம்மாவும் நானும் ஆண்டவரை ஏற்றுக்கொண்டது அந்த முகாமில்தான்; அப்பா இன்றைக்கும் கோயிலுக்குத்தான் போகிறார். முகாமுக்குச் சாமான் கொடுக்க வந்த குழுக்களில் ஒருவருடைய முகமும் எனக்கு நினைவில்லை. மாதம் ஒரு தடவை சைக்கிளில் வந்து, அம்மாவோடு அடுப்படியில் குந்தியிருந்து கதைத்துவிட்டுப் போகும் போதகரம்மாவின் முகம் மட்டும் நினைவிருக்கிறது. இப்போது திருகோணமலையில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் சபையும் வெளிநாட்டுத் தமிழ்ச் சபை ஒன்றும் சேர்ந்து ஒழுங்குசெய்த ஊழியப் பயணத்தில் பன்னிரண்டு நாட்கள் கம்போடியாவுக்குப் போய்வந்தேன். கடைசி நாள் கூட்டத்தில் 43 பேர் கை உயர்த்தினார்கள். அடுத்த மாத ஆராதனையில் நான் சாட்சி சொல்ல வேண்டும், அந்த எண்ணையும் சொல்ல வேண்டும் என்று குழுத் தலைவர் கேட்கிறார். பிரசங்கியார் நீளமாகப் பேசியதை மொழிபெயர்ப்பாளர் இரண்டு வசனத்தில் முடித்ததை நான் கவனித்தேன். அதனால் எனக்கு நா எழவில்லை. அங்கே ஒரு சிறுவர் இல்லத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன் என் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. கிறிஸ்மஸுக்கு வருவேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன், போவதற்கு வழியில்லை. பொம்பென் நகரில் பாடசாலையைச் சிறைச்சாலையாக்கிய இடத்தைக் காட்டினார்கள். வகுப்பறை வாசலைத் தாண்ட என்னால் முடியவில்லை. திரும்பி வந்து ஐந்து கிழமைகளாகிவிட்டன. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. "இங்க இல்லாத கஷ்டமா அங்க?" என்று அப்பா கேட்கிறார். என் விசுவாசம் குறைந்துவிட்டதா? அல்லது ஆண்டவர் என்னை அங்கே அழைக்கிறாரா?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். கடைசியில் நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளையும் விட, போகிற போக்கில் எழுதிய போதகரம்மாவின் சைக்கிள்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. குழுவாக வந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளையாக இருந்திருக்கிறீர்கள்; இப்போது குழுவாகப் போய் இறங்கியவராகவும் இருந்துவிட்டீர்கள். அந்த இரண்டு பக்கத்தையும் அறிந்தவர்கள் எங்கள் சபைகளில் மிகக் குறைவு. உங்களுக்கு நா எழாமல் இருப்பதற்குக் காரணம் அவிசுவாசம் என்று நான் நினைக்கவில்லை. கிளிவெட்டியில் நின்று பார்த்த அந்தப் பிள்ளை உங்களுக்குள் இன்னும் விழிப்பாக இருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் அந்த 43 பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு நான் இருபது வருடமாகச் சுமந்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். 2005 ஆம் ஆண்டு, ஆழிப்பேரலை வந்து மூன்று மாதம் இருக்கும். நிலாவெளிப் பக்கத்தில் தகரக் கொட்டில்களாக ஒரு முகாம். நான் அப்போது உளவளத்துணையில் பயிற்சி முடித்த புதிது. ஆங்கிலம் தெரியும் என்பதால், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவக் குழுவுக்கு மொழிபெயர்க்கும்படி என்னை அழைத்துப் போனார்கள். காலையில் பால்மா, நுளம்பு வலை, பாய் எல்லாம் கொடுத்து முடிந்தது. பின்னேரம் கூட்டம். பேசியவர் இளைஞர், உண்மையான பாரத்தோடு பேசினார் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. முடிவில், இயேசுவை உள்ளத்தில் ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். நான் ஒரு சொல்லும் பிசகாமல் தமிழில் சொன்னேன். முன்வரிசையில் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு தாய், பக்கத்தில் இருந்தவளிடம், "பேர் எழுதுறாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவளுடைய கை உயர்ந்தது. அதைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களின் கைகளும் உயர்ந்தன. நெற்றியில் அன்று காலை பூசிய திருநீறு கலையாத மூன்று பெரியவர்களும் கையை உயர்த்தினார்கள். பேசியவர் கண் கலங்கி எண்ணினார். 61 என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். கூட்டம் முடிந்து நான் வாகனத்தில் ஏறப் போனபோது, அந்தத் தாய் என் சேலைத் தலைப்பைப் பிடித்து, "அக்கா, எப்ப குடுப்பாங்க?" என்று கேட்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை, மகள். அவளிடமும் சொல்லவில்லை, அந்தக் குழுவிடமும் சொல்லவில்லை. அந்த இடத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நடந்தது என்னவென்று விளங்கியவளும் நான் ஒருத்திதான். வந்தவர்களின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன், அடுத்த லொறி வராமல் போய்விடுமோ என்றும் பயந்தேன். அந்த 61 எங்கேயோ ஒரு தேவாலயத்தில் கைதட்டலோடு சொல்லப்பட்டிருக்கும். அதே காலத்தில் இந்த நாட்டில் கட்டாய மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலம் பற்றிய வாக்குவாதம் சூடாக இருந்தது. 2004 இல் பாராளுமன்றத்துக்கு வந்த அந்தச் சட்டமூலத்தின் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தாலும், நிவாரணத்தைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு அடங்கவில்லை. அந்தப் பேச்சின் அடியை வாங்கியவர்கள் விமானம் ஏறிப் போனவர்கள் அல்லர். இங்கே பத்துப் பேரோடு ஒரு வீட்டில் கூடி ஜெபித்துவந்த எங்கள் கிராமத்துச் சிறு சபைகள்தான்.

ஆகவே உங்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன், அதைக் கைவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்த 43 பேரில் எவர் உள்ளத்திலும் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. யாரோ ஒருவருடைய வாழ்க்கை அன்றைக்கே திரும்பியும் இருக்கலாம். அதை அறியக்கூடியவர்கள் அந்தக் கிராமத்துச் சபையார். அடுத்த மழைக்காலத்திலும் அதற்கடுத்த அறுவடையிலும் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பார்க்கப் போகிறவர்கள் அவர்கள்தான். கம்போடிய மக்களில் மிகப் பெரும்பாலானோர் பௌத்தர்கள். வீடு வீடாகச் சென்று மதப் பிரசாரம் செய்வதற்கும், அரிசி, உடை போன்றவற்றைக் கொடுத்து மதம் மாற்றுவதற்கும் அங்கே தடை உண்டு. இங்கே ஒரு ஒலிவாங்கியின் முன்னால் சொல்லப்படுகிற எண் அங்கே யாருடைய வாசலில் போய் நிற்கும் என்பதைக் குழுத் தலைவரும் யோசிக்க வேண்டும்.

எழுபது பேரை இயேசு இரண்டிரண்டு பேராக அனுப்பிய பகுதியை, லூக்கா பத்தாம் அதிகாரத்தை, இந்தக் கிழமை மெதுவாக வாசியுங்கள். போனவர்கள் சந்தோஷத்தோடு திரும்பிவந்து, பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகின்றன என்று கணக்கு ஒப்புவிக்கிறார்கள். அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார். அந்த அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. போகிறவர்கள் பணப்பையையும் சாமான்பையையும் கொண்டுபோகக் கூடாது. நுழைந்த வீட்டிலேயே தங்கி, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிட வேண்டும். அதாவது கொடுக்கிறவர்களாக அல்ல, பசியோடு வந்த விருந்தாளிகளாகப் போகும்படி அனுப்பப்பட்டார்கள். சாமான் பெட்டிகளோடு போகும் எங்கள் குழுக்கள் இந்தக் கட்டளையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

உங்கள் கடிதத்தோடு தனித்தாளில் நீங்கள் எழுதியிருந்த ஒரு சம்பவத்தை இங்கே மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராமத்தில் உங்கள் குழுவுக்கு ஒரு பாட்டி சோறு போட்டார். சோற்றோடு புளிக்கவைத்த மீன் கலவை. குழுவில் பலர் மூக்கைப் பொத்தாத குறையாக ஒதுக்கிவைக்க, எங்கள் ஊர்க் கருவாட்டு வாடையிலே வளர்ந்த நீங்கள் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அந்தப் பாட்டி சிரித்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து மூன்று விரலைக் காட்டி, பிறகு நிலத்தைத் தொட்டார். உங்களுக்கு விளங்கிற்று. நீங்கள் ஒரு விரலைக் காட்டி நிலத்தைத் தொட்டீர்கள். அவர் உங்கள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் வேறெங்கோ நின்றிருந்தார்.

1975 சித்திரை 17 ஆம் திகதி கம்யூனிஸ்ட் தலைவர் பொல்பொட்டின் படை பொம்பென்னுக்குள் நுழைந்ததிலிருந்து 1979 தை 7 ஆம் திகதி வரையான நான்கு வருடங்களுக்கும் குறைவான காலத்தில், பசியாலும் நோயாலும் கொலையாலும் அங்கே இறந்தவர்கள் பதினைந்து முதல் இருபது இலட்சம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. அந்தப் பாட்டியின் மூன்று விரல்களும் அந்தக் கணக்கில் அடங்குகிறவையா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் சாட்சி சொல்லப் போவது எதைப் பற்றி என்று என்னைக் கேட்டால், இதைப் பற்றித்தான் என்பேன். உங்களுக்கு அங்கே ஒருவர் சோறு போட்டார், உங்கள் அண்ணாவுக்காக ஒருவர் துக்கப்பட்டார். பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பி வந்து சபையைக் கூட்டியபோது, தேவன் தங்களைக் கொண்டு செய்தவற்றை அறிவித்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 14 இல் இருக்கிறது. தேவன் உங்களுக்குச் செய்ததைச் சொல்ல உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. பாட்டியின் பெயரையும் ஊரையும் சொல்லாதீர்கள். அவருடைய படத்தைத் திரையில் போடாதீர்கள். அந்தச் சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளின் முகங்களையும் போட வேண்டாம். முகாமில் உங்களைக் கேட்காமல் எடுத்த படங்கள் எந்த ஊர்ச் சுவரில் தொங்குகின்றனவோ என்று நீங்களும் எப்போதாவது யோசித்திருப்பீர்கள்.

குழுத் தலைவரோடு ஆராதனைக்கு முன்னரே தனியாகக் கதையுங்கள். சபை நடுவில் அவரை மறுத்துப் பேசுகிற நிலைமைக்கு விட்டுவிடாதீர்கள். அது அவருக்கும் அவமானம், உங்களுக்கும் வேதனை. "அண்ணா, கை உயர்ந்ததை நான் பார்த்தேன். அவர்கள் எதை விளங்கிக்கொண்டு உயர்த்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல ஆண்டவருடைய சமுகத்தில் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கண்டதை மட்டும் சொல்ல விடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்ற வசனத்தை அவரும் அறிந்தவர்தானே. காசு கொடுத்து அனுப்பியவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய எண்கள் வேறு இருக்கின்றன. விமானச் சீட்டுக்கு எவ்வளவு போனது, தங்குமிடத்துக்கு எவ்வளவு, அங்கேயுள்ள சபையின் கையில் எவ்வளவு சேர்ந்தது என்று ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டட்டும். அவர் அப்படியும் வற்புறுத்தினால், இந்தத் தடவை வேறொருவர் சாட்சி சொல்லட்டும் என்று பணிவாக விலகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்தப் பையன். இந்த இடத்தில் நான் உங்களோடு சற்றுக் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. அவன் உங்களைப் பார்த்தவுடனே ஓடிவந்து ஏறிக்கொண்டான், "போங்" என்று கூப்பிட்டான், அது அக்கா என்ற சொல் என்று அறிந்ததும் உங்கள் உள்ளம் உருகிவிட்டது. எவருடைய உள்ளமும் உருகும். ஆனால் உங்கள் பாலர் பாடசாலைக்கு முதல்நாள் வருகிற ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அது தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழும். உங்களிடம் வர இரண்டு கிழமை எடுக்கும். அதுதான் சுகமாக வளர்கிற பிள்ளையின் குணம். முன்பின் தெரியாத எவரிடமும் உடனே தாவி ஏறுகிற பிள்ளை, தன்னைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒருவரும் நிலையாக இல்லை என்பதைப் பழகிக்கொண்ட பிள்ளை. ஒவ்வொரு குழுவும் வந்து, தூக்கி, பாட்டுப் பாடி, அழுது, போய்விடுகிறது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை ஒரு புதிய அக்காவை இழக்கிறது. சிறுவர் இல்லங்களில் இருபது வருடம் பிள்ளைகளோடு பேசியதில், போனவர்களைவிட வருவேன் என்று சொல்லிப் போனவர்கள்தான் அவர்களை அதிகம் வாட்டினார்கள் என்பதைக் கண்டிருக்கிறேன். வாசல் கேற் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர்கள் எழுந்து பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். கம்போடியாவில் அப்படியான இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதை யுனிசெப் நிறுவனம் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பும் வேலையை அந்நாட்டு அரசாங்கமும் தொடங்கியிருக்கிறது. வறுமையும், படிப்புக் கிடைக்கும் என்ற ஆசையும்தான் அவர்களை அங்கே கொண்டுவந்து விடுகின்றன. வெளிநாட்டார் வந்து பார்த்துக் காசு கொடுக்கிறார்கள் என்பதற்காகவே இல்லங்கள் பெருகிய வரலாறும் அங்கே உண்டு. இது எங்களுக்குப் புதிய கதையல்ல. தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போய்விட்டதால் இல்லத்துக்கு வந்த பிள்ளைகளை எங்கள் மாவட்டத்திலும் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறோம். ஆகவே உங்கள் சபை அந்தப் பையனுக்காக ஏதும் பணம் சேர்க்க நினைத்தால், அந்த இல்லத்துக்கு இன்னொரு கட்டிடம் கட்ட வேண்டாம். அவனுக்கு வீட்டார் இருக்கிறார்களா, அவர்களோடு அவனைச் சேர்க்க என்ன தேவை என்று அங்கேயுள்ள சபை மூலம் கேளுங்கள்.

அவனுக்குச் சொன்ன வாக்கை இப்படியே கிடக்க விடக் கூடாது. ஒரு சிறிய கடிதம் எழுதுங்கள். இல்லத்துப் பொறுப்பாளருக்கு முதலில் அறிவித்து, கெமர் மொழியில் மாற்றி, அவனுக்கு அருகில் இருந்து வாசிக்கக்கூடிய ஒருவர் மூலம் கொடுக்கச் சொல்லுங்கள். கிறிஸ்மஸுக்கு வருவேன் என்று அக்கா சொன்னேன், என்னால் வர முடியாது, நினைக்காமல் சொன்னது என் பிழை, நீ ஒரு பிழையும் செய்யவில்லை, நீ பாடிய பாட்டு எனக்கு நினைவிருக்கிறது. இவ்வளவு போதும். கடைசியில் "ஒருநாள் கட்டாயம் வருவேன்" என்று சேர்த்துவிடாதீர்கள். கை தன்பாட்டில் எழுதப் பார்க்கும். பரிசுப் பொருளும் அனுப்ப வேண்டாம். நீ ஒரு பிழையும் செய்யவில்லை என்ற வசனத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் வராமல் போனால், அது தன்னுடைய குற்றம் என்றுதான் அந்த வயதுப் பிள்ளை நினைக்கும்.

ஜெபம் வரவில்லை என்ற கவலையைப் பற்றி. பன்னிரண்டு நாட்கள் காலையும் மாலையும் பாட்டும் ஜெபமும் கூட்டமுமாக இருந்துவிட்டு, திரும்பி வந்து பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பதும் மின்சாரப் பட்டியலைக் கட்டுவதுமாக இருக்கும்போது வருகிற வெறுமை எல்லாருக்கும் வருவது. அதற்குப் பயப்பட வேண்டாம். அப்போஸ்தலர்கள் திரும்பி வந்து தாங்கள் செய்ததையெல்லாம் சொன்னபோது, வனாந்தரமான ஓரிடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறுங்கள் என்றுதான் இயேசு சொன்னார். அவர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லாதிருந்தது என்று மாற்கு எழுதியிருக்கிறார். உங்களை வந்த ஞாயிறே மேடையில் ஏற்ற நினைக்காத வரைக்கும் உங்கள் சபை நல்லதையே செய்திருக்கிறது.

ஆனால் உங்கள் விடயத்தில் இது மட்டுமாக இருக்காது என்று சந்தேகிக்கிறேன். பொம்பென்னில் நீங்கள் பார்த்த துவோல் ஸ்லெங் என்ற அந்த இடம் பிள்ளைகள் படித்த ஒரு பாடசாலை. கரும்பலகை இருந்த வகுப்பறைகளைப் பொல்பொட்டின் ஆட்கள் சிறை அறைகளாக்கினார்கள். நீங்கள் ஒன்பது வயதில், அண்ணாவை இழந்த கையோடு, ஒரு வகுப்பறையின் சீமெந்துத் தரையில் படுத்தவர். அந்த வாசலில் உங்கள் கால் நின்றுபோனது கம்போடியாவுக்காக மட்டுமல்ல. அந்தப் பாட்டியிடம் நீங்கள் காட்டிய ஒரு விரல், உங்கள் வீட்டில் எவருக்கும் நீங்கள் காட்டியிராத விரலாக இருக்கலாம். ஜெபத்தில் வார்த்தை வராததற்கு, வார்த்தைக்கு முன்னால் அழுகை வரிசையில் நிற்பதுகூடக் காரணமாக இருக்கலாம். அப்படியானால் அழுது ஜெபியுங்கள். சங்கீதங்களில் பலவும் அப்படிப்பட்டவைதான். அதோடு, நித்திரை குழம்புகிறதா, பழைய காட்சிகள் பகலிலும் வந்து நிற்கின்றனவா, சாப்பாடு செல்லவில்லையா, பிள்ளைகளோடு இருக்கும்போதும் மனம் மரத்துப்போய் இருக்கிறதா என்று உங்களை நீங்களே கேளுங்கள். ஒன்றுக்காவது ஆம் என்றால், திருகோணமலை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், லூக்காவே வைத்தியர்தான் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

உங்கள் தகப்பனாரின் கேள்விக்கு வருகிறேன். அவருடைய கேள்வியில் பாதி நியாயம். மூதூர்ப் பக்கத்தில் இன்னும் ஒழுங்கான கிணறு இல்லாத வீடுகள் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியையே முழு அளவுகோலாக வைத்தால், 1814 இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டிருக்கவே மாட்டார். கப்பலிலேயே மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்து மட்டக்களப்பில் இறங்கியவர் அவர். எட்டு மாதத்தில், 1815 சித்திரையில், நோயுற்று அவரும் போய்ச் சேர்ந்தார். அந்த எட்டு மாதத்துக்குள் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றும் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிறது. அதில் படித்தவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லலாம்.

அவரிடம் இதைச் சொல்லும்போது, மறுபக்கத்தையும் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். எங்கள் ஊரில் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைக்கு ஏறுகிற ஒவ்வொருவரும் பிரெட்றிக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். 1620 களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் சேர்த்துக் கட்டிய கோட்டை அது. இடித்தவர்கள் சிலுவையைக் கையில் பிடித்திருந்தார்கள். உங்கள் அப்பா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கல்லுக்குக் கீழாலேதான் போகிறார். அவருடைய மகள் வேறொரு நாட்டுக்கு, விகாரை மணி கேட்கும் கிராமங்களுக்கு, சிலுவையைச் சொல்லப் போனபோது அவர் மனதில் எழுந்தது பணக் கணக்கு மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். திருகோணமலையில் பிறந்த கிறிஸ்தவர்கள் ஊழியத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கோட்டை வாசலை மறந்துவிட்டுப் பேசக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒருநாள் பின்னேரம் அவரோடு மலைக்கு நடந்து போங்கள். கோட்டைக்குள் மான்கள் நிற்கும் இடத்தில் அவரை உட்காரவைத்து, அந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். அண்ணாவைப் பற்றி நீங்கள் காட்டிய விரலையும் சொல்லுங்கள். அவரும் ஒரு பிள்ளையை நிலத்தில் வைத்தவர்.

கடைசியாக அழைப்பு. ஐந்து கிழமையில் இதற்கு நானும் பதில் சொல்ல முடியாது, நீங்களும் சொல்லக் கூடாது. ஒரு வருடம் முடிவெடுக்காமல் இருங்கள். ஆனால் சும்மா இருக்க வேண்டாம். மானிப்பாயில் பணிசெய்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1847 இல் வந்தவர், தமிழைக் கற்றுத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். வைத்திய நூல்களைத் தம் மாணவரோடு சேர்ந்து தமிழாக்கினார். நீங்கள் கெமர் மொழியைக் கற்கத் தொடங்குங்கள். அதன் எழுத்து, தென்னிந்தியாவின் பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. எங்கள் எழுத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். தினமும் அரை மணித்தியாலம் அதோடு மல்லுக்கட்டிய பிறகும், கைதட்டலும் குழுவும் பாட்டும் இல்லாமல் ஒரு வருடம் கழிந்த பிறகும், அந்த ஊர் உங்களை இழுத்துக்கொண்டே இருந்தால், அப்போது போதகரிடம் போய்ச் சொல்லுங்கள். அப்போது போவதும் பன்னிரண்டு நாளுக்காக இருக்கக் கூடாது. இந்த ஒரு வருடத்தில், கிளிவெட்டிப் பக்கத்தில் இன்னும் தனியாக இருக்கும் ஏதாவது ஒரு தாயின் வீட்டுக்கு மாதம் ஒரு தடவை போய்வாருங்கள். சாமான் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். தேநீர் தந்தால் குடியுங்கள்.

அந்தப் போதகரம்மா இப்போதும் இருக்கிறார் என்றால், அவரிடமும் ஒருநாள் போங்கள். மாதாமாதம் ஏன் அப்படி வந்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.

சாட்சிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பையனுக்கான கடிதம் மொழிமாற்றப்பட்டு அங்கே போய்ச் சேர நாள் எடுக்கும், ஆகவே அதை முதலில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர்